இசை இதழின் இரட்டைப் பக்கம்: முதன்முறை வடிவமைப்பவர்களுக்கு ஒரு விளக்கம்

சிங்கப்பூரில் தமிழ் அமைப்புகள் வெளியிடும் ஆண்டு மலர்களிலும், பலதுறைத் தொழிற்கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்கள் கொண்டுவரும் இதழ்களிலும் இசைக்கலைஞர் ஒருவரைப் பற்றிய கட்டுரை அநேகமாக இடம்பெற்றுவிடும். எழுதியவர் கலைஞரோடு நேரம் எடுத்துப் பேசியிருப்பார். படம் எடுத்தவரும் நல்ல தருணங்களைப் பிடித்திருப்பார். இருந்தும், அச்சான பக்கத்தில் தலைப்பு, படம், உரை மூன்றும் ஒன்றோடொன்று போட்டியிடுவதால், எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் வாசகர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார். அப்படிப்பட்ட பக்கத்தை முதன்முறையாக வடிவமைக்கப் போகிறவர்களுக்காக இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். இசை இதழ்களின் சிறப்புக் கட்டுரைகளில் பின்பற்றப்படும் அமைப்பு முறைகள் எவை, அவை எதற்காக ஏற்பட்டன, ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்து உருவான அந்த முறைகளைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது எவற்றை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பவற்றை இங்கே பார்ப்போம்.

இரண்டு பக்கம், ஒரே பரப்பு

இதழை விரித்து வைத்தால் இடமும் வலமுமாக இரு பக்கங்கள் ஒருசேரத் தெரிகின்றன. வடிவமைப்பாளர்கள் இதை ஸ்ப்ரெட் என்பார்கள். இங்கே இரட்டைப் பக்கம் என்று குறிப்பிடுகிறேன். ஏ4 அளவு இதழில் ஒரு பக்கம் 210 மில்லிமீட்டர் அகலமும் 297 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. விரித்தால் 420 மில்லிமீட்டர் அகலமுள்ள பரப்பு கிடைக்கிறது. புதிதாக வடிவமைப்பவர்கள் கணினித் திரையில் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே திறந்து வேலை செய்வதால், இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் தொடர்பே இல்லாமல் போய்விடுகிறது. வாசகரின் கண்ணோ இடப்பக்கத்தை முடித்துக்கொண்டு வலப்பக்கத்துக்குப் போவதில்லை. முழுப் பரப்பையும் ஒரே பார்வையில் அளந்துவிட்டு, எது பெரிதோ, எது அடர்த்தியோ, அங்கே முதலில் நிற்கிறது; அதன்பின் அடுத்த பெரிதைத் தேடுகிறது.

இந்த இயல்பை ஒட்டியே சிறப்புக் கட்டுரையின் தொடக்கப் பக்கங்களில் ஒரு வரிசை உருவாகியிருக்கிறது. முதலில் படம், அடுத்துத் தலைப்பு, அதன்பின் அறிமுக வரிகள், பிறகு உரை தொடங்கும் இடத்தைக் காட்டும் பெரிய முதல் எழுத்து, கடைசியில் உரை. சில இதழ்கள் தலைப்பை முதலில் நிறுத்திப் படத்தை இரண்டாவதாக்கும். எந்த இதழானாலும் அவை இரண்டும் ஒரே வலிமையோடு நிற்காதபடி பார்த்துக்கொள்ளும். இனி நான் சொல்லப்போகும் முறைகள் பெரும்பாலும் இந்த வரிசையைக் காப்பதற்காக ஏற்பட்டவை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், எதைப் பின்பற்றுவது, எதை விடுவது என்று முடிவு செய்வது எளிது.

விளம்பரத்துக்கும் இதில் பங்கு உண்டு. இதழைப் புரட்டும்போது வலப்பக்கம் முதலில் கண்ணில் படுவதால், விளம்பரதாரர்கள் வலப்பக்கத்தையே விரும்பிக் கேட்கிறார்கள். செய்தித் துணுக்குகளும் இசைத்தட்டு விமர்சனங்களும் அந்த விளம்பரங்களோடு பக்கத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆனால் சிறப்புக் கட்டுரையின் தொடக்கத்துக்கு இரண்டு பக்கங்களையும் விட்டுக்கொடுப்பதன் மூலம், இது நின்று படிக்க வேண்டிய கட்டுரை என்று இதழ் சொல்லாமல் சொல்லிவிடுகிறது. மலர்களைத் தயாரிப்பவர்கள் கட்டுரையின் முதல் பக்கத்துக்கு எதிரே நகைக்கடை வாழ்த்து விளம்பரத்தை வைக்கும் பழக்கத்தைக் கைவிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இந்த அமைப்பு இன்றைய நிலைக்கு வந்ததில் சில இதழ்களின் பங்கு பெரிது. 1967 நவம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய 'ரோலிங் ஸ்டோன்' முதலில் செய்தித்தாள் காகிதத்தில் அச்சாகி வந்தது. 1987 முதல் 2001 வரை அதன் கலை இயக்குநராக இருந்த ஃபிரெட் வுட்வர்ட், ஒரு பக்கம் முழுவதும் கலைஞரின் உருவப்படம், எதிர்ப்பக்கம் முழுவதும் எழுத்துகளாலேயே ஓவியம்போல் அமைத்த தலைப்பு என்ற முறையை மிகவும் செம்மைப்படுத்தினார். லண்டனில் 1980இல் தொடங்கிய 'தி ஃபேஸ்' இதழில் நெவில் பிராடி தாமே உருவாக்கிய எழுத்துருக்களைத் தலைப்புகளுக்குப் பயன்படுத்தினார். அமெரிக்காவில் 1992இல் தொடங்கிய 'ரே கன்' இதழின் டேவிட் கார்சன் இன்னும் ஒரு படி மேலே போனார். பாடகர் பிரையன் ஃபெரியின் பேட்டி தமக்குச் சலிப்பூட்டியதால், 1994இல் அதன் உரை முழுவதையும் எழுத்துகளே இல்லாத, வெறும் குறியீடுகள் மட்டுமே கொண்ட எழுத்துருவில் அச்சிட்டார். படிக்கக்கூடிய வடிவம் அதே இதழின் பின்பகுதியில் தனியாக இடம்பெற்றது. இதைத் துணிச்சல் என்று இன்றும் பலர் பாராட்டுகிறார்கள். பேட்டி கொடுத்தவரின் சொற்களை மறைக்கும் உரிமை வடிவமைப்பாளருக்கு இல்லை என்பதே என் கருத்து. கார்சனின் தலைப்புகளிலிருந்து கற்க நிறைய இருக்கிறது. உரையை அவர் நடத்திய விதத்தைப் பின்பற்ற வேண்டியதில்லை.

சிங்கப்பூரிலும் இசை இதழுக்கு மரபு உண்டு. 1985இல் நகலெடுத்த தாள்களாகத் தொடங்கிய 'பிக் ஓ' என்ற ஆங்கில இதழ் உள்ளூர் இசைக்குழுக்களைப் பற்றித் தொடர்ந்து எழுதியது. விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்துக்கோ பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் உள்ள புத்தகக் கடைகளுக்கோ சென்று, நான்கைந்து இசை இதழ்களை விரித்து வைத்து, ஒவ்வொரு இரட்டைப் பக்கத்திலும் கண் முதலில் எதைப் பார்த்தது, அடுத்து எங்கே போனது என்று குறித்துக்கொண்டு வருவது நல்ல பயிற்சி. மென்பொருளைத் திறப்பதற்கு முன்னால் இதைச் செய்வது நல்லது.

படமும் நடு மடிப்பும்

விளக்கத்துக்காக ஒரு கட்டுரையை எடுத்துக்கொள்வோம். சிராங்கூன் சாலையில் உள்ள ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில் போன்ற ஒரு கோயிலில் வாசிக்கும் நாகசுரக் கலைஞரையும் அவரோடு வாசிக்கும் தவில் கலைஞரையும் பற்றி ஆறு பக்கங்களில், அதாவது மூன்று இரட்டைப் பக்கங்களில், ஒரு கட்டுரை வரப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். முப்பது படங்கள் கையில் இருக்கின்றன. அவற்றில் எது தொடக்கப் படம்?

பொதுவாக, மேடையில் எடுத்த கூட்டுப்படம் தொடக்கத்துக்கு உதவுவதில்லை. அதில் எல்லோரும் இருப்பார்கள், ஒருவர் முகமும் தெளிவாக இராது. இசை இதழ்கள் தொடக்கப் பக்கத்துக்கு உருவப்படத்தையே தேர்ந்தெடுப்பது, கட்டுரை யாரைப் பற்றியது என்பதை ஒரு சொல்லும் இல்லாமல் அது சொல்லிவிடுவதால்தான். முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும் முக்கியம். இடப்பக்கத்தில் உள்ள கலைஞர் வலப்புறம் நோக்கினால் வாசகரின் பார்வையும் அவரைத் தொடர்ந்து தலைப்பை அடையும். இடப்புறம் நோக்கினால் பார்வை தாளுக்கு வெளியே போய்விடும். இதைச் சரிசெய்ய எண்ணிப் படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிவிடக் கூடாது. தவில் கலைஞர் பொதுவாக வலக்கை விரல்களில் கூடு அணிந்து, இடக்கையில் கழி பிடித்து வாசிப்பவர். திருப்பிய படத்தில் இரண்டும் இடம் மாறிவிடும், இசை தெரிந்த வாசகர் அதை உடனே கண்டுகொள்வார். படத்தைத் திருப்புவதற்குப் பதிலாக வலப்பக்கத்துக்கு மாற்றுவதே முறை.

நாகசுரம் நீண்ட கருவி. அதைக் குறுக்குவாட்டில் இரண்டு பக்கங்களுக்கும் படரவிட்டால் இரட்டைப் பக்கம் முழுவதும் ஒரே அசைவு கிடைக்கும். இசைக்கருவிகளில் இத்தனை வசதியான உருவம் கொண்டவை அதிகம் இல்லை. ஆனால் இங்கேதான் நடு மடிப்பு குறுக்கிடுகிறது. முதுகில் பசை தடவிக் கட்டிய இதழில் நடுப்பகுதியின் சில மில்லிமீட்டர்கள் மடிப்புக்குள் மறைந்துவிடும். கருவியின் உடல் மடிப்பைக் கடக்கலாம். முகமோ, வாய் வைக்கும் சீவாளியோ, துளைகளை மூடிய விரல்களோ அங்கே விழக் கூடாது. மடிப்பின் இருபுறமும் 12 முதல் 15 மில்லிமீட்டர் வரை முக்கியமான எதையும் வைக்காமல் இருப்பது நல்ல பழக்கம். தலைப்பு மடிப்பைக் கடக்க வேண்டியிருந்தால், சொல்லின் நடுவில் அல்லாமல் இரு சொற்களுக்கு இடையில் மடிப்பு வருமாறு அமைக்க வேண்டும்.

நடுவில் கம்பி அடித்துக் கட்டும் இதழில் இன்னொரு நுட்பமும் உண்டு. அதன் நட்ட நடு இரட்டைப் பக்கம் மட்டுமே உண்மையில் ஒரே தாள். மற்ற இரட்டைப் பக்கங்களின் இடமும் வலமும் வேறு வேறு தாள்களில் அச்சாகி, பின்னர் ஒன்றுசேர்பவை. அதனால் குறுக்கே ஓடும் கோடு ஒரு மில்லிமீட்டர் விலகலாம், நிறமும் சற்று மாறலாம். கட்டுரையின் மிகப் பெரிய குறுக்குப் படத்தை அந்த நடுத்தாளில் விழுமாறு பக்கங்களைத் திட்டமிடுவது அனுபவமுள்ள ஆசிரியர்களின் வழக்கம். இத்தகைய இதழின் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும் என்பதையும் தொடக்கத்திலேயே கணக்கில் கொள்ள வேண்டும்.

படத்தை விளிம்பு வரை அச்சிட, வெட்டுக்கோட்டுக்கு வெளியே நான்கு ஓரங்களிலும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட வேண்டும். அச்சகத்தார் இதை ப்ளீட் என்பார்கள். அப்படியானால் ஏ4 இரட்டைப் பக்கத்தை நிறைக்கும் படத்தின் அளவு 426க்கு 303 மில்லிமீட்டர். அச்சுக்கு வழக்கமாகக் கேட்கப்படும் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) தெளிவில் இது ஏறத்தாழ 5,030க்கு 3,580 படப்புள்ளிகள், அதாவது 18 மெகாபிக்சல். வாட்ஸ்ஆப்பில் சாதாரணமாக அனுப்பப்படும் படங்கள் வழியிலேயே சுருக்கப்பட்டுவிடுவதால் அவை இதற்குப் போதா. கலைஞரின் குடும்பத்தாரிடமும் நண்பர்களிடமும் படம் கேட்கும்போது, மூலக் கோப்பையே மின்னஞ்சலிலோ மேகச் சேமிப்பிலோ அனுப்பச் சொல்வதை எழுத்தாளர் பேட்டி எடுக்கும் நாளிலேயே சொல்லிவிட வேண்டும்.

தலைப்பும் அறிமுக வரிகளும்

ஆங்கில இசை இதழ் தன் தலைப்பைப் பெரிய எழுத்துகளில் (கேப்பிடல்) அமைத்து எளிதாக வலிமை சேர்த்துவிடுகிறது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு இல்லை. சாய்வெழுத்தும் நம் அச்சு மரபில் பிறந்ததன்று, மென்பொருள் வலிந்து சாய்க்கும் தமிழ் எழுத்து பெரும்பாலும் கோணலாகவே தெரிகிறது. ஆகவே தமிழ்த் தலைப்பு தன் வலிமையை அளவிலிருந்தும், எழுத்தின் தடிமனிலிருந்தும், நிறத்திலிருந்தும், சுற்றிலும் விடப்படும் வெற்றிடத்திலிருந்தும் பெற வேண்டும். உரை 10 அல்லது 11 பாயிண்ட்டில் இருக்கும்போது தலைப்பு 24 பாயிண்ட்டில் இருந்தால் அது செய்தித் தலைப்பாகத் தெரியும். 70, 80 பாயிண்ட்டுக்குப் போனால்தான் அது படத்துக்கு எதிரே தயங்காமல் நிற்கும். அவ்வளவு பெரிதாக வைக்க வேண்டுமானால் தலைப்பு இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் போகக் கூடாது என்பது தானாகவே விதியாகிவிடுகிறது. 'கோயில் வாசலில் ஒரு நாகசுரக் கலைஞரின் இசைப்பயணம்' என்ற தலைப்பை எந்த வடிவமைப்பாளராலும் காப்பாற்ற முடியாது. 'சீவாளியும் சிராங்கூனும்' என்றால் இடமும் இருக்கிறது, ஓசையும் இருக்கிறது.

தமிழ்த் தலைப்பில் வரிகளை நெருக்கும்போது மேல்வரியின் 'கு', 'ழு', 'து' போன்றவற்றின் கீழ்ப்பகுதியும், கீழ்வரியின் 'கி', 'தீ' போன்றவற்றின் மேல்விலங்கும் முட்டிக்கொள்ளும். இதை மென்பொருளின் தானியங்கி இடைவெளிக்கு விட்டுவிடாமல், அந்தத் தலைப்பில் உள்ள எழுத்துகளைப் பார்த்துக் கையால் சரிசெய்ய வேண்டும். மாறாக, எழுத்துகளுக்கு இடையே இடம் விட்டு நீட்டும் ஆங்கில வழக்கத்தைத் தமிழில் செய்தால் கொம்பும் காலும் தம் மெய்யை விட்டு விலகிச் சொல்லே சிதறிவிடும்.

எழுத்துருத் தேர்வில் இன்று நல்ல காலம் என்றே சொல்வேன். நோட்டோ செரிஃப் தமிழ், ஒன்பது தடிமன்களில் கிடைக்கும் கட்டமரன், ஹிந்த் மதுரை, தலைப்புக்கேற்ற பருமன் கொண்ட பாலூ தம்பி போன்றவை இலவச உரிமத்தில் கிடைக்கின்றன. கணினியில் தமிழ் எழுத்து நிலைபெற்ற வரலாற்றில் சிங்கப்பூருக்குத் தனி இடம் உண்டு, சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி இங்கிருந்து தமிழை இணையத்துக்குக் கொண்டுசெல்ல உழைத்தார், தமிழ்நெட்'97 மாநாடும் இங்கேதான் நடந்தது. அந்தக் காலத்தின் ஒருங்குறியல்லாத (யூனிகோட் அல்லாத) எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் பழைய அமைப்புகளிடம் இன்னும் இருக்கின்றன. அவற்றை அப்படியே புதிய பக்கத்தில் ஒட்டினால் எழுத்துகள் குழம்பிவிடும் என்பதால், முதலில் ஒருங்குறிக்கு மாற்றி, மெய்ப்புப் பார்த்த பிறகே வடிவமைப்புக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு கட்டுரைக்குத் தலைப்புக்கு ஓர் எழுத்துரு, உரைக்கு ஓர் எழுத்துரு என இரண்டு போதும்.

தலைப்புக்கும் உரைக்கும் இடையில் வரும் இரண்டு மூன்று வரிகளையே அறிமுக வரிகள் என்கிறேன். இவை 16 முதல் 20 பாயிண்ட் வரையிலான இடைப்பட்ட அளவில் நிற்கும். தலைப்பு ஆர்வத்தைத் தூண்டும், ஆனால் விவரம் தராது. அந்த விவரத்தை இவ்வரிகள் தருகின்றன. யாரைப் பற்றிய கட்டுரை, ஏன் இப்போது, இதில் என்ன புதிது என்பவற்றுக்கு இங்கே பதில் கிடைக்க வேண்டும். எழுதியவர், படம் எடுத்தவர் பெயர்களை இதற்குக் கீழேயே வைப்பது வழக்கம். பல மலர்களில் இவ்வரிகள் விடுபட்டு, 80 பாயிண்ட்டிலிருந்து நேராக 10 பாயிண்ட்டுக்கு வாசகர் இறங்க வேண்டியிருக்கிறது. நான் பார்க்கும் மலர்களில் மிக எளிதாகத் திருத்தக்கூடிய குறை இதுவே.

உரையின் அமைப்பு

உரை ஒரு கட்டமைப்பின் மேல் நிற்கிறது. பக்கத்தை 12 சம பத்திகளாக, அதாவது மேலிருந்து கீழாக ஓடும் நெடுவரிசைகளாக, பிரித்துக்கொண்டால், அதை இரண்டாகவோ மூன்றாகவோ நான்காகவோ சேர்த்துக்கொள்ளலாம் என்பதால் பல இதழ்கள் அந்த எண்ணை விரும்புகின்றன. வாசகர் கண்ணுக்குத் தெரியாத இக்கோடுகளில்தான் படத்தின் ஓரமும், உரையின் ஓரமும், பெட்டிச் செய்தியின் ஓரமும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. ஆங்கில இசை இதழ்கள் ஏ4 பக்கத்தில் மூன்று பத்திகளை இயல்பாக அமைக்கும். 15 மில்லிமீட்டர் ஓரம் விட்டால் ஒவ்வொரு பத்திக்கும் ஏறக்குறைய 57 மில்லிமீட்டர் அகலம் கிடைக்கும். தமிழில் சொற்கள் நீளமானவை, எழுத்துகளும் அகலமானவை. 'வாசித்துக்கொண்டிருந்தவர்களிடமிருந்து' போன்ற ஒரே சொல் அந்த அகலத்தின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். இரு ஓரங்களையும் சமன்செய்தால், எஞ்சிய சொற்களுக்கு இடையே வெள்ளைப் பள்ளங்கள் தோன்றும். எனவே தமிழ்க் கட்டுரைக்கு ஏ4 பக்கத்தில் இரண்டு பத்திகளே ஏற்றவை என்று நினைக்கிறேன். மூன்று வேண்டுமென்றால், வலது ஓரத்தைச் சமன்செய்யாமல் விட்டுவிடுவது நல்லது.

வரியின் முடிவில் சொல்லை உடைக்கத் தமிழ் அச்சு மரபு இடம் கொடுக்கிறது. நம் நாளிதழ்கள் இணைப்புக்குறி இல்லாமலே அப்படிச் செய்கின்றன. ஆனால் புள்ளி வைத்த மெய்யெழுத்து அடுத்த வரியின் தொடக்கத்தில் வரக் கூடாது. 'நாகசுரம்' என்பதன் கடைசி 'ம்' தனியே கீழிறங்கி நிற்பது கண்ணை உறுத்தும். உயிர்மெய்யின் பகுதிகளும் பிரியக் கூடாது. இன்டிசைன் மென்பொருளில் உலக மொழிகளுக்கான பாரா அமைப்பியை (World-Ready Paragraph Composer) தேர்ந்தெடுத்த பிறகே தமிழ் எழுத்துகள் ஒழுங்காகச் சேர்ந்து வரும். புதிதாகத் தொடங்குபவர்கள் எழுத்துருவில் பிழை என்று நினைத்துக்கொள்வது பெரும்பாலும் இந்த ஒரு தேர்வை மாற்றாமல் விட்டதன் விளைவு.

வரி இடைவெளியை, அதாவது ஒரு வரியின் அடியிலிருந்து அடுத்த வரியின் அடி வரையிலான தொலைவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் 10 பாயிண்ட் எழுத்துக்கு 12 பாயிண்ட் இடைவெளி என்பது பரவலான அளவு. தமிழில் மேல்விலங்கும் கீழ்ச்சுழிகளும் வரிக்கு வரி வருவதால் அந்த இடைவெளியில் உரை மூச்சுமுட்டித் தெரியும். 10.5 பாயிண்ட் எழுத்துக்கு 15 அல்லது 16 பாயிண்ட் இடைவெளி விடுவதே என் வழக்கம். மூத்த வாசகர்கள் அதிகமுள்ள மலர் என்றால் எழுத்தை 11.5க்கு உயர்த்தி இடைவெளியை 17 ஆக்கலாம். இதனால் கட்டுரை கூடுதல் இடம் எடுக்கும் என்பது உண்மை. அதற்காக எழுத்தைச் சுருக்காமல், ஆசிரியரோடு பேசி உரையைக் குறைப்பதே சரியான வழி. ஆறு பக்கத்துக்கு எத்தனை சொற்கள் என்பதை எழுதத் தொடங்கும் முன்பே எழுத்தாளரிடம் சொல்லிவிட்டால் பின்னால் மனத்தாங்கல் இராது.

உரை தொடங்கும் இடத்தைக் காட்டும் பெரிய முதல் எழுத்து இரண்டு முதல் நான்கு வரி உயரம் கொண்டது. முதல் சொல் 'கொட்டு' என்று இருந்தால், கொம்பு, 'க', கால் ஆகிய மூன்றும் சேர்ந்த 'கொ' முழுவதையும் பெரிதாக்க வேண்டும். ஒரு பகுதியை மட்டும் பெரிதாக்கிய அச்சுப் பக்கங்களைப் பார்த்திருக்கிறேன், அது எழுத்துப்பிழைக்குச் சமம். 'கு', 'மூ' போல் கீழிறங்கும் எழுத்தில் தொடங்கினால் அடுத்த வரியோடு உரசும் என்பதால் முதல் சொல்லை மாற்ற முடியுமா என்று எழுத்தாளரிடம் கேட்பதில் தவறில்லை. 'அ', 'இ', 'ப', 'வ' போன்றவை பெரிதாக்க மிகவும் வசதியானவை.

ஆறு பக்கமும் வெறும் உரையாக ஓடினால் வாசகர் சோர்வார். அதற்காகவே உரையிலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்துப் பெரிதாக்கி மேற்கோளாக இடையில் வைக்கிறார்கள். அது கலைஞரின் சொந்தச் சொற்களாகவும், உரையில் உள்ளபடியே எழுத்து மாறாமலும் இருக்க வேண்டும்; உரையில் அவ்வாக்கியம் வரும் அதே பாராவுக்குப் பக்கத்தில் வைத்தால் ஒன்றையே இருமுறை படித்ததுபோல் ஆகிவிடும். பெட்டிச் செய்தி இரட்டைப் பக்கத்துக்கு ஒன்று போதும். நம் எடுத்துக்காட்டில், தவிலின் தோல்கள், விரல் கூடு, கழி ஆகியவற்றைப் பற்றிய சிறு விளக்கத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டால், கட்டுரையின் ஓட்டம் தடைபடாது.

படக்குறிப்புகள் படத்தில் தெரிவதையே திரும்பச் சொல்லக் கூடாது. 'நாகசுரம் வாசிக்கிறார்' என்பது எல்லோருக்கும் தெரியும். எந்த விழா, எந்த ஆண்டு, என்ன ராகம், அருகில் தாளம் போடுபவர் யார் என்பவை தெரியாதவை.

நிறம், இசை வகை, இரு மொழிகள்

ஒவ்வோர் இசை வகைக்கும் ஒரு தோற்றம் பழகிப்போயிருக்கிறது. 1978இல் தொடங்கிய 'ஸ்மாஷ் ஹிட்ஸ்' பளிச்சென்ற நிறங்களோடு பாப் பாடல் வரிகளை அச்சிட்டது. 1981இல் தொடங்கிய 'கெராங்' கனமான ராக் இசைக்கேற்பச் சிதைந்த எழுத்துகளையும் கறுப்பையும் கையாண்டது. தமிழில் கர்நாடக இசை என்றவுடன் குங்குமச் சிவப்பு, தங்கக் கரை, மாங்காய்ப் பூவேலை, மூலையில் ஒரு வீணை என்றும், ராப் என்றவுடன் சுவரில் தெளித்த வண்ணம் என்றும் வந்துவிடுகிறது. இவை வாசகருக்கு இசை வகையை உடனே உணர்த்துவது உண்மைதான். ஆனால் எந்தக் கலைஞருக்கும் பொருந்தும் அலங்காரம் இந்தக் கலைஞரைப் பற்றி ஒன்றும் சொல்லாது. தொடக்கப் படத்திலிருந்தே ஒரு நிறத்தை எடுத்து, அதைத் தலைப்பிலும் முதல் எழுத்திலும் மேற்கோளிலும் மட்டும் பயன்படுத்துவது பாதுகாப்பான முறை. நம் படத்தில் கோயில் கதவின் பித்தளை மஞ்சள் இருந்தால் அதுவே போதும்.

சிங்கப்பூர் மலர்கள் பலவும் தமிழிலும் ஆங்கிலத்திலும் வருவதால், ஒரே கட்டுரை இரு மொழிகளிலும் ஒரே இரட்டைப் பக்கத்தில் நிற்க வேண்டிய நிலை அடிக்கடி ஏற்படுகிறது. இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம் என்று பிரித்தால், ஆங்கிலம் குறைந்த இடத்தில் முடிந்து அந்தப் பக்கத்தின் அடிப்பகுதி காலியாகும். அந்த இடத்தில் சிறிய படமோ பெட்டிச் செய்தியோ வைக்கலாம். தமிழைச் சுருக்கி இரண்டையும் சமமாக்க முயல்வது தவறு. ஒரே பாயிண்ட் அளவில் இரு எழுத்துருக்களும் ஒரே அளவாகத் தெரியா என்பதால், எண்ணை நம்பாமல் அச்செடுத்துக் கண்ணால் ஒப்பிட்டு அளவை முடிவு செய்ய வேண்டும்.

பெயர்களும் அச்சும்

படம் எடுத்தவரின் பெயரைக் குறிப்பிடுவது இங்கே மரியாதைக்கு மட்டும் உரிய செயலன்று. சிங்கப்பூரில் 2021 நவம்பர் 21ஆம் தேதி நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டம், ஒருவரின் படைப்பைப் பொதுவில் பயன்படுத்தும்போது அவரை அடையாளம் காட்டும்படி கோருகிறது. பணம் கொடுத்து வெளியாரிடம் எடுக்கச் சொன்ன படத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாவிடில், படைத்தவரே முதல் உரிமையாளர். ஆகவே தொண்டூழியராக வந்து படமெடுத்த மாணவரிடமும் எழுத்துவழி இசைவு பெற்றுக்கொள்ள வேண்டும்.

அச்சகத்துக்கு அனுப்பும் முன், பக்கங்களை உண்மையான அளவில் அச்செடுத்து, இரட்டைப் பக்கங்களாக ஒட்டி, கட்டுரையைப் படிக்காத ஒருவரிடம் கொடுத்து, எதை முதலில் பார்த்தார், அடுத்து எதைப் பார்த்தார் என்று கேட்க வேண்டும். அவர் தலைப்புக்கு முன் பெட்டிச் செய்தியைப் பார்த்திருந்தால், பெட்டியின் பின்னணி நிறம் தேவைக்கு மேல் அடர்த்தியானது. அறிமுக வரிகளைத் தாண்டி நேராக மேற்கோளுக்குப் போயிருந்தால் மேற்கோள் பெரிது. இத்திருத்தங்கள் முடிந்த பிறகு, எழுத்துருக்களை உள்ளடக்கிய பிடிஎஃப் கோப்பை, நான்கு வண்ண அச்சு முறைக்கு மாற்றி, ப்ளீட் சேர்த்து அனுப்பலாம். இதழ் வெளியான நான்கு வாரங்களுக்குள் இரண்டு படிகளைத் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைப்பது வெளியீட்டாளரின் சட்டக் கடமை என்பதால், அச்சிடும் எண்ணிக்கையில் அவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.